பல்கலைக்கழக புராஜெக்ட் வேலைகள்: விளம்பரத்துக்கு முன்பே பணம் வந்துவிடுகிறது

எம்.எஸ்சி., எம்.டெக். முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் வேலை தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வேலைகளைத்தான் மனதில் வைத்துத் தேடுகிறார்கள். உதவிப் பேராசிரியர் வேலை, இல்லையென்றால் அலுவலகத்தில் நிரந்தர வேலை. முதலாவதற்கு நெட், செட் தகுதித் தேர்வுகள், பிஎச்.டி. என்று பல வருடங்கள் போகும். இரண்டாவதற்கு அறிவிப்பு வருவதே அபூர்வம், வந்தாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களுக்கு ஊரே விண்ணப்பிக்கும். இவை இரண்டுக்கும் நடுவில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்), புராஜெக்ட் அசோசியேட், புராஜெக்ட் அசிஸ்டென்ட், ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டர், டெக்னிக்கல் அசிஸ்டென்ட் என்ற பெயர்களில் வருடம் முழுக்க ஆள் எடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். சிறு ஊர்க் கல்லூரிகளில் படித்த, வீட்டில் முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கிய பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். ஐ.ஐ.டி.யிலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் படித்தவர்களுக்கு சீனியர்கள் சொல்லிவிடுவார்கள். மற்றவர்களுக்கு யார் சொல்வது?

இந்த வேலைகளைப் புரிந்துகொள்ள, சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பல்கலைக்கழகம் கொடுப்பதில்லை. ஒரு பேராசிரியர் தன் ஆய்வுக்கு நிதி கேட்டு மத்திய அரசின் டி.எஸ்.டி. (அறிவியல் தொழில்நுட்பத் துறை), டி.பி.டி. (உயிரித் தொழில்நுட்பத் துறை), மருத்துவம் என்றால் ஐ.சி.எம்.ஆர்., அறிவியல், தொழில் ஆராய்ச்சிக்கு சி.எஸ்.ஐ.ஆர்., சமூக அறிவியல் என்றால் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். போன்ற ஏதாவது ஒரு நிதி அமைப்புக்கு விண்ணப்பிக்கிறார். முன்பு செர்ப் என்று நிதி கொடுக்கும் வாரியம் ஒன்று இருந்தது, 2023-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு அது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள், அதாவது ஏ.என்.ஆர்.எஃப்.-க்குள் போய்விட்டது. மாநில அளவில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றமும் இருக்கிறது. விண்ணப்பம் தேறினால் ஒரு சாங்ஷன் ஆர்டர், அதாவது நிதி ஒப்புதல் ஆணை வரும். அதில் கருவிக்கு இவ்வளவு, ரசாயனத்துக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டிருப்பார்கள், அந்தப் பட்டியலில் 'மேன்பவர்' என்று ஒரு வரி இருக்கும். ஒரு ஜே.ஆர்.எஃப்., மூன்று வருடம். அவ்வளவுதான். அந்த ஒரு வரிதான் நீங்கள் தேடுகிற வேலை.

மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக விளங்கிவிடும். வேலை ஏன் தற்காலிகம்? புராஜெக்ட் முடிந்தால் பணம் முடிந்தது. எல்லா இடங்களையும் சேர்த்து ஏன் ஒரே அறிவிப்பு வருவதில்லை? ஒவ்வொரு புராஜெக்டும் தனித்தனியாக, வெவ்வேறு மாதத்தில், வெவ்வேறு அமைப்பிடமிருந்து வருகிறது. ஆளைத் தேர்ந்தெடுப்பதில் ஏன் பி.ஐ. என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த முதன்மை ஆய்வாளரின் குரலுக்கு அவ்வளவு எடை? அந்த நிதிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பல்கலைக்கழகம் இங்கே ஒரே முதலாளி இல்லை, பல சிறு நிதிகள் ஓடுகிற ஓர் இடம். இதை மனதில் வாங்கிக்கொண்டால் தேடுகிற முறையே மாறிவிடும்.

பணம் வந்தவுடன் பி.ஐ.க்கு அவசரம். புராஜெக்டின் காலம் ஓடத் தொடங்கிவிட்டது, ஆளில்லாமல் மாதங்கள் கழிந்தால் வருட முடிவில் கணக்குக் காட்ட முடியாது. ஆகவே விளம்பரம் பத்துப் பதினைந்து நாள் அவகாசத்தில் வெளியாகிறது, சில சமயம் அதைவிடக் குறைவாக. ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஐ.சி.எஸ்.ஆர். என்ற தனி அலுவலகம் இருக்கிறது, புராஜெக்ட் வேலைகள் அங்கே ஓரளவு ஒரே இடத்தில் கிடைக்கும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் நேரடி வாக்-இன் நேர்காணல் நடத்துகிற வழக்கம் உள்ள இடம். மற்ற பல்கலைக்கழகங்களில் இது 'கேரியர்ஸ்' பக்கத்தில் இருக்கலாம், 'அனவுன்ஸ்மென்ட்ஸ்' பக்கத்தில் இருக்கலாம், துறையின் பக்கத்தில் ஒரு மூலையில் ஒரு பி.டி.எஃப். ஆகவும் இருக்கலாம். அது டெலிகிராம் குழு வழியாக உங்களுக்கு வந்து சேரும்போது கடைசித் தேதி நாளைக்கு என்று இருக்கும். அப்புறம் அடித்துப் பிடித்து அனுப்புகிற விண்ணப்பம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் விளம்பரத்தைத் தேடுவதைவிட, பணம் எங்கே வந்திருக்கிறது என்று தேடுவது நல்லது. இதற்கு யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எல்லாம் பொதுவெளியிலேயே கிடக்கிறது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்வி நிறுவனங்கள் தாங்கள் கொடுத்த தரவைத் தங்கள் இணையதளத்திலும் போட்டிருக்கும், அதில் வெளி நிதியில் எத்தனை புராஜெக்ட், எத்தனை நிதி அமைப்புகள், மொத்தம் எவ்வளவு தொகை என்று வருடவாரியாக இருக்கும். ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பணம் உண்மையிலேயே புழங்குகிறதா, வெறும் பெயர்தானா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்குக் கொடுத்த சுய ஆய்வு அறிக்கையில் மூன்றாவது பகுதி ஆராய்ச்சிக்கானது, அதன் இணைப்புகளில் எந்தப் பேராசிரியருக்கு எந்த அமைப்பிடமிருந்து எவ்வளவு வந்தது என்ற பட்டியலே பல இடங்களில் கிடைக்கும். ஆண்டறிக்கைகளிலும் இருக்கும். இவை கொஞ்சம் பழைய தகவல்தான், ஆனால் நிதி வாங்கிப் பழகிய ஆய்வுக்கூடம் மறுபடியும் வாங்கும். இன்னும் புதிதாக வேண்டுமென்றால் உங்கள் துறையில் இந்த வருடமும் போன வருடமும் வெளியான கட்டுரைகளை எடுத்து, கடைசியில் நன்றி தெரிவிக்கும் பத்தியைப் படியுங்கள். நிதி கொடுத்த அமைப்பும் புராஜெக்ட் எண்ணும் அங்கே இருக்கும்.

சரி, விளம்பரம் கையில் கிடைத்துவிட்டது. அதில் பலரும் தகுதி, வயது, சம்பளம் மூன்றையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதைவிட முக்கியமான வரி ஒன்று உண்டு, புராஜெக்டின் காலம். "நியமனம் முற்றிலும் தற்காலிகமானது, திட்டம் முடியும்வரை மட்டுமே" என்று எல்லா விளம்பரத்திலும் இருக்கும், ஆனால் இன்னும் எவ்வளவு காலம் மிச்சம் என்று சிலவற்றில்தான் இருக்கும். முதலில் சேர்ந்தவர் நடுவில் விட்டுப்போன இடம் என்றால் ஆறேழு மாதம்தான் பாக்கி இருக்கலாம். பிஎச்.டி. பதிவு செய்யும் எண்ணத்தோடு போகிறவருக்கு அது பெரிய அடி. ஆகவே தயங்காமல் கேளுங்கள்: புராஜெக்ட் எப்போது தொடங்கியது, எப்போது முடிகிறது, பிஎச்.டி.க்குப் பதிவு செய்ய அனுமதி உண்டா, எந்த செஷனில். இதையெல்லாம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று யோசிக்க வேண்டாம். ஒழுங்கான பி.ஐ. இந்தக் கேள்விகளைக் கேட்கிற ஆளைத்தான் விரும்புவார்.

சம்பளத்துக்கு வருவோம். டி.எஸ்.டி. 2023-ல் வெளியிட்ட ஆணைப்படி, அந்த வருடம் ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப்.க்கு மாதம் 37,000 ரூபாய், அதற்கு அடுத்த படியான எஸ்.ஆர்.எஃப்.க்கு 42,000, பிஎச்.டி. முடித்த ரிசர்ச் அசோசியேட்டுக்கு 58,000-த்தில் தொடங்கி 67,000 வரை மூன்று படி. இதோடு வீட்டு வாடகைப்படி உண்டு, அது ஊரைப் பொறுத்தது. சென்னை முதல் வகை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு இரண்டாவது வகை, மற்ற ஊர்கள் மூன்றாவது. 30, 20, 10 சதவீதம் என்று கணக்குப் போட்டால் அதே 37,000 சென்னையில் 48,100, திருச்சியில் 44,400, காரைக்குடியில் 40,700. விடுதியில் அறை கொடுத்துவிட்டால் இந்தப் படி கிடையாது. ஆனால் இந்த முழுத் தொகை நெட் அல்லது கேட் (GATE) தேர்வில் தேறியவர்களுக்குத்தான், இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இரண்டும் இல்லாதவர்களைப் பெரும்பாலும் ஜே.ஆர்.எஃப். ஆக எடுக்க முடியாது, புராஜெக்ட் அசோசியேட் என்று எடுப்பார்கள், அதில் நெட் உள்ளவருக்கு ஒரு தொகை, இல்லாதவருக்குக் குறைவான ஒரு தொகை. ஒரே மேஜையில் ஒரே வேலை செய்கிற இரண்டு பேருக்கு மாதம் பல ஆயிரம் வித்தியாசம் வருவது இதனால்தான். எனவே இந்த வேலையில் சேர்ந்த பிறகும் நெட் எழுதுவதை நிறுத்த வேண்டாம். கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

வயது தாண்டிவிட்டதே என்று விட்டுவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜே.ஆர்.எஃப்.க்கு வழக்கமான உச்சவரம்பு 28, பட்டியல் வகுப்பினருக்கும் பெண்களுக்கும் தளர்வு உண்டு. ஆனால் 2020-ல் வந்த டி.எஸ்.டி. ஆணையில் புராஜெக்ட் அசோசியேட்டுக்கு 35 வரை, புராஜெக்ட் அசிஸ்டென்ட்டுக்கும் களப்பணியாளருக்கும் 50 வரை என்று வைத்தார்கள். குழந்தை வளர்ந்த பிறகு வேலைக்குத் திரும்ப நினைக்கிற பெண்களுக்கு இந்த வரம்பு எவ்வளவு பெரிய வாசல் என்று யோசித்துப் பாருங்கள். ஆராய்ச்சி உதவித்தொகையில் இருக்கும் பெண்களுக்கு மகப்பேறு விடுப்பும் அரசு விதிப்படி உண்டு, யாராவது கிடையாது என்று சொன்னால் ஆணையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். ஜே.ஆர்.எஃப். என்ற ஒரே பெயரில் இரண்டு சங்கதி இருக்கிறது. யு.ஜி.சி. அல்லது சி.எஸ்.ஐ.ஆர். தேர்வில் வாங்கிய ஜே.ஆர்.எஃப். உங்கள் பெயருக்கு வந்த பணம், எந்த வழிகாட்டியிடம் பதிவு செய்கிறீர்களோ அங்கே உங்களோடு வரும். புராஜெக்ட் ஜே.ஆர்.எஃப். அப்படி இல்லை, அது பி.ஐ.யின் புராஜெக்டோடு கட்டப்பட்டது. விலகினால் இடம் அங்கேயே தங்கிவிடும். தொகை ஒன்றுதான், சுதந்திரம் ஒன்றல்ல.

அடுத்து, விளம்பரம் வருவதற்கு முன்னாலேயே பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதலாமா? எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அவர்களுக்கு நாள்தோறும் வருகிற மின்னஞ்சல்கள் எல்லாம் ஒரே அச்சு: மதிப்பிற்குரிய ஐயா, நான் இந்தப் பட்டம் முடித்திருக்கிறேன், தங்கள் மேலான ஆய்வுக்கூடத்தில் ஒரு வாய்ப்பு அளித்தால் கடினமாக உழைப்பேன். ஒரே கடிதம் ஐம்பது பேருக்குப் போயிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும், திறக்காமலேயே விட்டுவிடுவார்கள். அதற்குப் பதில் ஐந்தாறு வரி போதும். அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் வருகிற எந்த முறையை உங்கள் எம்.எஸ்சி. ஆய்வில் கையால் செய்திருக்கிறீர்கள், எப்போதிலிருந்து வர முடியும், நெட் இருக்கிறதா இல்லையா. "செல் கல்ச்சர் தெரியும்" என்று எழுதுவதைவிட, எந்த செல்லை எத்தனை மாதம் தொற்று வராமல் வைத்திருந்தீர்கள் என்று எழுதினால் அவருக்கு உங்கள் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். ஆங்கிலம் பிரமாதமாக இருக்க வேண்டியதில்லை, தகவல் இருந்தால் போதும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

நேர்காணலைப் பற்றி வீண் பயம் நிறைய. துறை வராந்தாவில் கோப்போடு காலை ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருப்பார்கள், முதலில் ஒரு அலுவலர் அசல் சான்றிதழ்களைச் சரிபார்ப்பார், அப்புறம் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். உள்ளே பி.ஐ., துறைத்தலைவர், பல்கலைக்கழகத்தின் சார்பில் ஒருவர், சில இடங்களில் வெளியிலிருந்து ஒரு நிபுணர். ஒருவருக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகாது. கேள்விகளில் பாதி உங்கள் எம்.எஸ்சி. புராஜெக்டைப் பற்றித்தான், ஏனென்றால் அதை நீங்களே செய்தீர்களா, வெளியில் காசு கொடுத்துச் செய்து வாங்கினீர்களா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். மீதிப் பாதி அடிப்படை. ஒரு மோலார் கரைசல் கையில் இருக்கிறது, அதிலிருந்து 50 மில்லிமோலார் கரைசல் 100 மில்லி தயாரிக்க வேண்டும், எப்படிச் செய்வீர்கள்? 5 மில்லி எடுத்து, வடிநீர் சேர்த்து 100 மில்லிக்கு நிரப்ப வேண்டும், இவ்வளவுதான். ஆனால் தங்கப் பதக்கம் வாங்கியவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவதும், சுமாரான மதிப்பெண் வாங்கிய பிள்ளை பளிச்சென்று சொல்லி இடத்தைப் பிடிப்பதும் நடக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நாளைக் காலையிலிருந்து வேலை பார்க்க ஆள் வேண்டும் என்பதுதான் பி.ஐ.யின் தேவை. நாலு வருடப் பழைய பாடம் ஒப்பிப்பதைவிட கையில் வேலை தெரிவது அங்கே எடுபடும்.

"எல்லாம் முன்னாலேயே முடிவான ஆள்தானே, விளம்பரம் சும்மா கண்துடைப்பு" என்ற பேச்சு எல்லா வராந்தாவிலும் உண்டு. அது சில சமயம் உண்மை. ஏற்கெனவே அங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவரைப் புதிய புராஜெக்டுக்கு மாற்ற, விதிப்படி விளம்பரம் கொடுப்பார்கள். தகுதி வரியில் வழக்கத்துக்கு மாறாக மிகக் குறுகலாக, ஒரே ஆளுக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி நிபந்தனைகள் இருந்தால் அது அப்படிப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். இது நியாயம் இல்லை, வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவருக்குப் பயணப்படிகூடக் கிடையாது என்னும்போது இது கொடுமையும்கூட. ஆனால் எல்லா இடமும் அப்படி என்று நினைத்துப் போகாமலே இருப்பதுதான் பெரிய நஷ்டம். முடிவான ஆள் நெட் தேறி வேறு இடத்துக்குப் போய்விடுவதும், இரண்டாவதாக வைத்தவரைக் கூப்பிடுவதும் அடிக்கடி நடக்கிற விஷயம். காத்திருப்போர் பட்டியல் என்பது இங்கே வெறும் சம்பிரதாயம் இல்லை.

ஆராய்ச்சியே செய்யாமல் ஆராய்ச்சிக்குத் துணையாக இருக்கிற வேலைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பி.காம்., பி.ஏ. படித்தவர்களுக்கும் டிப்ளமோக்காரர்களுக்கும் இங்கே இடம் இருக்கிறது என்பதால் நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். ஒவ்வொரு புராஜெக்டும் ஒரு சிறு அலுவலகம். பல பொருள்களை வாங்க ஜெம் எனப்படும் அரசு மின்சந்தையில் தேட வேண்டியிருக்கும், ஒப்பீட்டு அட்டவணை போட வேண்டும், 2017-ன் பொது நிதி விதிகளுக்குள் அடங்குகிறதா பார்க்க வேண்டும். பணம் பி.எஃப்.எம்.எஸ். என்ற அரசு நிதித் தளம் வழியாகப் போக வேண்டும். வருட முடிவில் யூ.சி. என்று சொல்கிற பயன்பாட்டுச் சான்றிதழை 12-ஏ படிவத்தில் கொடுக்காவிட்டால் அடுத்த தவணை வராது. வேதியியல் பேராசிரியருக்கு இதெல்லாம் தலைவலி. இவற்றைச் செய்யத் தெரிந்த ஒரு அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்டை அவர்கள் விடவே மாட்டார்கள், ஒரு புராஜெக்ட் முடிந்தால் பக்கத்துத் துறை கூப்பிட்டுக்கொள்ளும். பெரிய ஆய்வு நிறுவனங்களில் உள்ள புராஜெக்ட் அலுவலகம், காப்புரிமைப் பிரிவு, ஸ்டார்ட்அப் இன்குபேட்டர் எல்லாவற்றுக்கும் இப்படிப்பட்ட ஆட்கள் தேவை. டாலி கணக்கு மென்பொருள் தெரிந்த பி.காம். பட்டதாரி ஜெம் தளத்தையும் பி.எஃப்.எம்.எஸ்.ஸையும் ஒரு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டால் பட்டத்தைவிட அது அதிகம் உதவும்.

கருவி இயக்குபவர்கள் இன்னொரு பக்கம். ஐ.ஐ.டி. மெட்ராஸில் சைஃப் என்ற பொது ஆய்வுக்கருவி மையம் நெடுநாளாக இருக்கிறது, மற்ற பல்கலைக்கழகங்களிலும் மையக் கருவிக்கூடங்கள் வந்துவிட்டன. எக்ஸ்.ஆர்.டி., எச்.பி.எல்.சி., எலக்ட்ரான் நுண்ணோக்கி மாதிரியான ஒரு கருவியை நன்றாக ஓட்டத் தெரிந்த டெக்னீஷியனுக்குத் தனியார் மருந்து நிறுவனங்களிலும் மதிப்பு உண்டு. களப்பணி வேலைகள் சமூக அறிவியலிலும் பொது சுகாதாரத்திலும் வரும், வீடு வீடாகப் போய் டேப்லெட்டில் கேள்வித்தாள் நிரப்புகிற வேலை. சம்பளம் குறைவு, வெயில் அதிகம், ஆனால் எம்.எஸ்.டபிள்யூ., சமூகவியல் படித்தவர்களுக்கு முதல் அனுபவம் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிடைக்கிறது.

சேர்ந்த பிறகு வருகிற சிரமங்களையும் சொல்லாமல் விடக்கூடாது. சம்பளம் மாதாமாதம் முதல் தேதி வந்துவிடும் என்று நம்பி வீட்டு வாடகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது, கணக்குக் கொடுத்து அடுத்த தவணை வந்து சேர்வதற்குள் ஏப்ரல், மே, ஜூன் சம்பளம் ஒன்றாகச் சேர்ந்து வருவது பல இடங்களில் சகஜம். இரண்டு மூன்று மாதச் செலவுக்குக் கையில் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இதனாலேயே நல்ல ஆய்வை விட்டுவிட்டு பி.பி.ஓ.வுக்குப் போகிறார்கள், இது அவர்களுடைய தவறு இல்லை, நிதி கொடுக்கிற முறையின் தவறு. துணை வேலைகள் பலவற்றில் இப்போது ஆள்வழங்கும் ஏஜென்சி வழியாகத்தான் எடுக்கிறார்கள். நியமன ஆணையில் யாருடைய பெயர் இருக்கிறது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, பிடித்ததைக் கட்டுகிறார்களா என்று முதல் மாதமே பாருங்கள். பி.எஃப். கட்டியது உங்கள் யூ.ஏ.என். (பி.எஃப். எண்) கணக்கில் தெரியும்.

போலி அறிவிப்புகளும் நிறைய. நிரந்தரப் பணிக்கான தேர்வுகளுக்கு விண்ணப்பக் கட்டணம் உண்டு, அது நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் கட்டுவது. ஆனால் புராஜெக்ட் வேலைக்கு "திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை" என்று யாராவது ஜிபே எண் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விளம்பரத்தில் இருக்கிற பி.ஐ.யின் பெயரைத் துறையின் பக்கத்தில் தேடிப் பார்த்து, அங்கே கொடுத்திருக்கிற நிறுவன மின்னஞ்சலுக்கே எழுதிக் கேட்டுவிடலாம்.

கடைசியாக, வேலையை விட்டுக் கிளம்பும்போது பலர் கவனிக்காமல் விடுகிற காகிதம் ஒன்று இருக்கிறது. அனுபவச் சான்றிதழில் "என் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார், நல்ல நடத்தை" என்று மட்டும் எழுதி வாங்கி வராதீர்கள். பதவியின் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, நிதி கொடுத்த அமைப்பு, புராஜெக்ட் எண், மாத ஊதியம் எல்லாம் அதில் இருக்க வேண்டும், பி.ஐ.யின் கையெழுத்தோடு பதிவாளர் அல்லது டீன் அலுவலக முத்திரையும் வேண்டும். அடுத்த படியான புராஜெக்ட் அசோசியேட்-2 பதவிக்கு இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள், அதைச் சரிபார்க்கிற அலுவலர் தேதியைத்தான் பார்ப்பார். பி.ஐ. ஓய்வு பெற்றுவிட்டாலோ வேறு ஊருக்குப் போய்விட்டாலோ அந்தக் கையெழுத்தை வாங்குவது பெரும்பாடு, எனவே கடைசி மாதச் சம்பளம் வருவதற்கு முன்னாலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.